கங்காணி மொழியில் எச்சரிக்கைகள் பெருகிய கதை

எச்சரிப்பது கம்பைலரின் கடமை. அதைப் படிக்காமல் இருப்பது ஊழியரின் உரிமை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே வராமல், மாவார் தோட்டக் குழுமத்தின் சிரம்பான் தலைமையகத்தில் பல வருஷங்கள் சுமுகமாக நடந்து வந்தன.

கம்பைலர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் எழுதும் நிரலை வாசித்து, இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அது. எழுதியதில் பெரிய பிழை இருந்தால் வேலையையே நிறுத்திவிடும். பிழை என்று சொல்லவும் முடியாது, மனசுக்குச் சரியாகவும் படவில்லை என்றால், 'எச்சரிக்கை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, நமக்கென்ன வந்தது என்று மேலே போய்விடும். அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் குணத்தை விளக்க வேண்டியதில்லை.

மாவார் குழுமம் தன் தோட்டங்களுக்கென்று சொந்தமாக ஒரு நிரல்மொழியே வைத்திருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடை, தண்ணீர்ப் பம்பு, வாசல் தடுப்பு எல்லாம் அதில் எழுதப்பட்ட நிரல்களால்தான் ஓடின. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களை மேய்த்தவரின் பெயராலேயே மொழிக்குக் 'கங்காணி' என்று பெயர். பெயர் வைத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். குணம் மட்டும் பெயருக்குத் தக்கபடி நிலைத்துவிட்டது. ஒரு நிரலைக் கொடுத்தால் போதும், திரை நிறையக் கொட்டும். இந்தப் பெயரை அறிவித்தாய், பயன்படுத்தவில்லை. இந்தக் கட்டளை பழசு. இங்கே ஓர் இடைவெளி கூடுதல். அடியையும் மீட்டரையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறாய். இங்கே இன்னோர் இடைவெளி கூடுதல். எல்லாம் ஒரே குரலில், ஒரே மஞ்சள் நிறத்தில். அணைப்பதற்கு இருந்தது ஒரே ஒரு சுவிட்ச். போட்டால் எல்லாம் வரும், அணைத்தால் கங்காணி தனக்குள் முணுமுணுக்கும், திரைக்கு ஒன்றும் வராது. எல்லாரும் அணைத்து வைத்திருந்தார்கள்.

அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்த லோகேஸ்வரியும் அணைத்துத்தான் வைத்திருந்தாள், அவளுடைய அத்தை வீட்டுக்குள் தண்ணீர் வரும்வரை.

அத்தை செல்லம்மா இருந்தது கோலா பிலா பக்கம், குழுமத்தின் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். லோகேஸ்வரி பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். லயத்துக்குப் பின்னால் மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டியின் பழைய அளவுமானி கெட்டுப்போய்ப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். புதுசு தண்ணீரின் உயரத்தை மீட்டரில் சொன்னது. நிரல் அதை அடி என்று எடுத்துக்கொண்டது. தொட்டி நிறைந்து வழிய, இன்னும் பாதிகூட நிறையவில்லையே என்று நிரல் கவலைப்பட்டுப் பம்பை மேலும் ஓடவிட்டது. செல்லம்மா பசாருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அரிசி மூட்டை நனைந்திருந்தது. சேவல் அலமாரியின் உச்சியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அத்தை போன் போட்டாள்.

"லோகு, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டருதான் தண்ணிய வுடுதாம். பம்ப்பு மண்டோர் மாயாண்டி சொன்னான். நீ அங்கதான வேல பாக்குற?"

"ஆமாத்த."

"அப்ப நீ என்னாதான் பாத்துக்கிட்டு இருந்த?"

 மறுநாள் அலுவலகம் போனதும் லோகேஸ்வரி சுவிட்சைப் போட்டு, தொட்டியின் நிரலைக் கங்காணியிடம் கொடுத்துப் பார்த்தாள். கொட்டிய குப்பைக்குள் கிடந்தது அந்த வரி. கங்காணி சொல்லியிருக்கிறது. அளவுமானி மாற்றிய நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும், இரண்டு கூடுதல் இடைவெளிகளுக்கு நடுவே, மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

அவள் பிழையைத் திருத்தியதோடு நிற்கவில்லை. கம்பைலருக்குள்ளேயே கைவைத்து, எச்சரிக்கைகளை ஏழு வகையாகப் பிரித்தாள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர், ஒரு சுவிட்ச். இடைவெளியைப் பற்றிக் கவலையில்லாதவர்கள் அதை மட்டும் அணைக்கலாம், அளவு குழப்பம் வந்தால் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். தெரிந்தே செய்த காரியம் என்றால் அந்த ஒரு வரிக்கு மட்டும் வாயை மூடச் சொல்லலாம். சக ஊழியர்கள் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். இன்னும் சில தோட்டங்களில் அதே அடி, மீட்டர் குழப்பம் வெளிப்பட்டு, தண்ணீர் எந்த வீட்டுக்குள்ளும் போகும்முன் சரி செய்யப்பட்டது.

இதுவரை நடந்தது நல்லது. நல்லது நடந்தால் மேலிடம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடாது.

பிரிவின் தலைவர் பிரேமநாதன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிகளாக இருந்தவர்கள். ஒழுங்கு, வரிசை, தலைப்பு ஆகியவற்றில் அவருக்கு இரத்தத்திலேயே பற்று இருந்தது.

"லோகேஸ்வரி, நீங்கள் செய்தது சின்ன விசயமில்லை. எச்சரிக்கையை வகைப்படுத்தியிருக்கிறீங்கள். எத்தனை வகை?"

"ஏழு சார்."

"ஏழுதானோ?" அவர் முகம் வாடிவிட்டது. "இப்ப கோலாலம்பூரில எல்லாம் நுண்மைதானே. கோப்பிக் கொட்டையில இருந்து மூச்சுப் பயிற்சி வரைக்கும் நுண்மையாத்தான் பேசுறாங்கள். நாங்கள் ஏழோட நிக்க ஏலாது."

"ஏழு போதும் சார். ரொம்பப் பிரிச்சா மறுபடியும் யாரும் படிக்க மாட்டாங்க."

"அது உங்கட கருத்து. ஆலோசகர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்."

ஆலோசகர் சத்தியசீலன் கோலாலம்பூரிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார். காலில் சப்பாத்து உண்டு, காலுறை கிடையாது. பசும்பால் தொடமாட்டார், ஓட்ஸ் பால்தான். ரயில் தாமதமாக வந்ததைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை, "பயண அனுபவத்தின் ஒரு நுண்கூறு" என்றார். பிரேமநாதன் அதைக் குறித்துக்கொண்டார்.

கருத்தரங்கு நடந்தது. சுவரெங்கும் நிறநிறமாகத் துண்டுத்தாள்கள் ஒட்டப்பட்டன.

"பயன்படுத்தாத பெயர்னு ஒரே வகையா வச்சிருக்கீங்க," என்றார் சத்தியசீலன். "ஏன் பயன்படுத்தலன்னு யாராவது கேட்டீங்களா? பயன்படுத்த மனசில்லாம விட்டது தனி. பயன்படுத்தணும்னு ஆசைப்பட்டு, முடியாம போனது தனி. எழுதினவரு வேற பிரிவுக்கு மாறிப் போய்ட்டதால அநாதையா நிக்கறது தனி லா."

"கம்பைலருக்கு அது எப்பிடிங்க தெரியும்?" என்றாள் லோகேஸ்வரி.

"எழுதறவர்கிட்டயே கேட்டுக்கும். பதினாறு கேள்விதான்."

அடி, மீட்டர் விவகாரமும் ஆராயப்பட்டது. அடி மீட்டரோடு மோதுவது ஒரு வகை, மீட்டர் அடியோடு மோதுவது வேறு வகை என்று முடிவாயிற்று. யார் முதலில் மோதினார்கள் என்பது தெரியாவிட்டால் விசாரணை நிலுவையில் வைக்கப்படும். 'எச்சரிக்கை' என்ற சொல்லே ஊழியர்களின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்று மனிதவளப் பிரிவு முறையிட்டதால், இனி 'மென்கவனம்' என்று அழைக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஒவ்வொரு வகையும் ஒரு பிரிவின் பொறுப்பில் விடப்பட்டது. தன்னைப் பற்றிய மென்கவனம் தேவையா இல்லையா என்பது அந்தந்தப் பிரிவுக்கே நன்றாகத் தெரியும் என்ற உயர்ந்த கொள்கையின்படி, சுவிட்சும் அந்தந்தப் பிரிவிடமே கொடுக்கப்பட்டது. எடைமேடைப் பிரிவு எடைமேடையைப் பற்றியதை அன்றைக்கே அணைத்தது. மற்றவர்கள் மறுநாள் அணைத்தார்கள்.

ஏழு எழுபதாயிற்று, எழுபது எழுநூறாயிற்று. மென்கவனங்கள் அதிகமாகிவிட்டன என்று கவனப்படுத்துவதற்கும் ஒரு வகை உண்டாயிற்று.

லோகேஸ்வரி எதிர்த்தாளா என்றால், ஆரம்பத்தில் எதிர்த்தாள். ஆனால் இந்த வகைகளையெல்லாம் ஒரு பெரிய மரமாக வரையும் வேலை அவளுக்கே வந்தது. அவள் கைவேலை சுத்தம். கிளைக்குக் கிளை நிறம் மாற்றி, எழுத்தை ஒரே அளவில் வைத்து வரைந்தாள். அது சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை படர்ந்தது. வந்துபோகிற விருந்தாளிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "இது யார் போட்டது?" என்று கேட்பார்கள்.  அவள் அந்தப் பக்கமாக நடந்து போவாள், அவ்வளவுதான்.

கம்பைலருக்கு நல்லது மனிதர்களுக்கும் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று பிரேமநாதனுக்குத் தோன்றியது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர்கள் எல்லாருடைய கைபேசியிலும் மென்கவனச் செயலி ஏற்றப்பட்டது. தோட்டத்தில் எது நடந்தாலும் முதலில் வகையைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும். பம்பு மண்டோர் மாயாண்டிதான் அதை முதலில் பயன்படுத்தியவர். பம்புக் கொட்டகைக்குள் ஒரு நாகப்பாம்பு வந்துவிட்டது. செயலி ஊர்வனவா என்றது, ஆமென்றார். நச்சுள்ளதா என்றது, ஆமென்றார். படமெடுத்த நிலையா, எடுக்காத நிலையா என்றது. மாயாண்டி நிமிர்ந்து பார்த்தார். பாம்பு ஒருதரம் எடுத்தது, ஒருதரம் இறக்கியது. அவர் மாற்றி மாற்றி அழுத்த, பாம்பு சலித்துப்போய்ப் புறப்பட்டுப் போய்விட்டது. முன்னுக்குப் பின் முரணாகப் பதிவு செய்ததற்காக மாயாண்டிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

திட்டத்தின் வெற்றி விழா சி ரூசாவில், கடற்கரைப் பாதையிலிருந்த ஒரு தங்குவிடுதியில் ஏற்பாடாயிற்று. கடலைப் பார்த்த மண்டபம். பின்பக்கம் மீ கோரேங் நூடுல்ஸும் பொரித்த மீனும் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. நிகழ்ச்சியின் உச்சகட்டமாக, சத்தியசீலனின் மேற்பார்வையில் புதிதாக எழுதப்பட்ட 'அறிவுத் தொட்டி' என்ற நிரல் எல்லாருக்கும் முன்னால் கம்பைலரில் ஓட்டப்பட்டு, அங்கிருந்தபடியே தோட்டங்களுக்கு அனுப்பப்படும். முதல் தோட்டம் கோலா பிலா பக்கத்துத் தோட்டம்தான்.

பொத்தானை அழுத்தினார்கள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: மென்கவனங்கள், பூச்சியம்.

கைதட்டல் கூரையை முட்டியது. லோகேஸ்வரியும் தட்டினாள். தட்டிக்கொண்டே தன் மடிக்கணினியில், எல்லாச் சுவிட்சையும் போட்டுவைத்திருந்த தன் சொந்தக் கம்பைலரில், அதே நிரலைக் கொடுத்துப் பார்த்தாள். பழக்கதோஷம். கைதட்டல் ஓயும்முன் அந்தப் பழைய மஞ்சள் வரி வந்துவிட்டது. அவள் பிரேமநாதனிடம் ஓடினாள்.

"சார், புதுத் தொட்டி நிரல்ல அடியும் மீட்டரும் மறுபடி கலந்து கெடக்கு. பம்ப்பு நிக்காது."

"திரையைப் பாருங்கள். பூச்சியம்."

"சுவிட்ச் எல்லாம் அணைச்சிருக்கு சார். அதனாலதான் பூச்சியம்."

"ஆர் அணைச்சது?"

"எல்லாரும்."

"எல்லாரும் சேர்ந்து செய்ததில பிழை இருக்க ஏலுமோ?"

சத்தியசீலன் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் கலவரமே இல்லை.

"இது மோதல் வகையில வராதும்மா. ரெண்டும் ஒரே வரியில பக்கத்துப் பக்கத்துல அமைதியா நிக்குது, பாருங்க. இது சகவாழ்வு. நல்லிணக்கம். இதுக்குப் போய் மென்கவனம் குடுத்தா நாட்டு உணர்வுக்கே சரி வராது லா."

பிரேமநாதன் தலையை ஆட்டிவிட்டு மீன் இருந்த பக்கம் போனார்.

லோகேஸ்வரி மண்டபத்துக்கு வெளியே வந்து, மணலில் நின்று மாயாண்டிக்குப் போன் போட்டாள். அத்தை இந்நேரம் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். புது அரிசி மூட்டை தரையில்தான் இருக்கும். எத்தனை தரம் சொன்னாலும் மேலே தூக்கி வைக்கமாட்டாள்.

"மாயாண்டிண்ணே, பம்ப்ப நிப்பாட்டுங்க."

"வக சொல்லுமா."

"என்னாது?"

"என்னா வகன்னு சொல்லு. போன்ல போடணும். போடாம பம்ப்புல கைய வச்சா எனக்குத்தான் கடுதாசி வரும். பாம்புக்கே வந்துச்சு."

"தொட்டி வழியப் போவுதுண்ணே."

மாயாண்டி சிறிது நேரம் தேடினார். "'வழிந்தது' இருக்கு. 'வழிந்துகொண்டிருப்பது' இருக்கு. 'வழியப் போவுது' இல்லியேம்மா. அது வர்ற காலமாச்சே. வர்ற காலத்துக்கு இன்னும் பட்டன் வைக்கலியாம். ட்ரெய்னிங்குல சொன்னாங்க."

எதிர்காலத்தை அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டது தானே என்பது லோகேஸ்வரிக்கு நினைவு வந்தது. கடல் அலை வந்து அவள் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. சுவரிலிருந்த மரத்தை மனசுக்குள் கிளைகிளையாக இறங்கிப் பார்த்தாள். கேள்வி கேட்காத கிளை ஒன்றாவது இருக்குமா. ஒன்று இருந்தது. பெரிய மனிதர் வருகை. அதை மட்டும் குழு பிரிக்காமல் விட்டிருந்தது. அரண்மனைப் பட்டம் வாங்கிய டத்தோவை உட்பிரிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"அண்ணே, டத்தோ வர்றார்னு போடுங்க."



"எப்பம்மா?"

"இப்ப."

டத்தோ வரும்போது பாதை ஈரமாக இருக்கக் கூடாது என்பது விதி. எனவே பம்பு உடனே நின்றது. மேனேஜர் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்தார். புல் வெட்டும் இயந்திரங்கள் கிளம்பின. கோயிலிலிருந்து செம்பருத்தித் தொட்டிகள் இரவல் வாங்கப்பட்டன. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடி கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். செல்லம்மாவின் கதவுக்குச் சாயம் அடிக்கத் தொடங்கியவர்கள், டத்தோ வரவில்லை என்று தெரிந்ததும் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தை வீட்டு அரிசி நனையவில்லை.

விசாரணை நடந்தது.

"டத்தோ வருகிறார் எண்டு சொன்னீங்கள். வரவில்லை," என்றார் பிரேமநாதன்.

"தொட்டி வழியாம நின்னுச்சு சார்."

"அது வேற வகை."

ஆனால் செயலி தொடங்கிய நாளிலிருந்து ஒரு மென்கவனத்துக்கு இவ்வளவு வேகமாக இவ்வளவு பேர் அசைந்ததே இல்லை என்று புள்ளிவிவரம் காட்டியது. புள்ளிவிவரத்தைத் தண்டிக்க முடியாது. குழு ஆழ்ந்து யோசித்து, லோகேஸ்வரியை மென்கவனப் பிரிவுக்குத் தலைவியாக்கியது. தனி அறை கிடைத்தது. கதவில் பெயர்ப்பலகை. சாய்ந்தால் சாய்ந்து கொடுக்கும் நாற்காலி. மரம் வரைந்த தாளையும் அந்த அறைச் சுவருக்கே மாற்றிக் கொடுத்தார்கள்.

அவள் முதலில் செய்த காரியம் நியாயமானதுதான். கங்காணி மொழியில் அடியும் மீட்டரும் எந்த உறவில் கலந்திருந்தாலும், 'டத்தோ வருகிறார்' என்று கம்பைலர் சொல்லும்படி மாற்றி எழுதினாள். அதைப் பார்த்ததும் நிரல் எழுதுபவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையைச் சரி செய்துகொண்டு, பிழையைத் திருத்தினார்கள். வேலை நடந்தது.

வேலை நடக்கும் வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபின் மற்ற வழிகளில் போவதற்கு யாருக்குப் பைத்தியம். எடைமேடைக்காரர்கள் தங்கள் கோளாறையும் டத்தோ ஆக்கினார்கள். மேனேஜர் லாரிக்கு டயர் கேட்டு டத்தோ போட்டார். செல்லம்மா வீட்டுக் கூரை ஒழுகியபோது மாயாண்டி டத்தோ போட்டார். தலைமையகத்தில் குளிர்சாதனம் கெட்டாலும் டத்தோதான். எழுநூறு வகைகள் பாசி பிடித்துக் கிடக்க, கங்காணி எதற்கெடுத்தாலும் டத்தோ வருகிறார், டத்தோ வருகிறார் என்று ஒரே குரலில் சொல்லத் தொடங்கியது. முதல் வாரம் ஓடினார்கள். அடுத்த வாரம் நடந்தார்கள். அதற்கடுத்த வாரம், "டத்தோதான, வருவார் லா," என்று தேநீரைக் குடித்து முடித்தார்கள்.

லோகேஸ்வரி இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. டத்தோவைப் பிரிக்க உட்கார்ந்தாள். பம்பு டத்தோ, கூரை டத்தோ, டயர் டத்தோ, குளிர்சாதன டத்தோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பிரித்தது உடனுக்குடன் செயலியில் ஏறியது. மும்முரமாக வரைந்துகொண்டிருந்தபோது கணினியின் ஓரத்தில் ஒரு டத்தோ மின்னியது. எந்த வகை என்று குறிப்பிடாத பழைய பாணி அறிவிப்பு. அவள் படிக்காமல் மூடினாள். அதே அறிவிப்பு பிரேமநாதன் திரையிலும், மேனேஜர் கைபேசியிலும், தோட்டத்து வாசல் காவலர் கைபேசியிலும் மின்னி, அங்கங்கே மூடப்பட்டது.

வந்தவர் உண்மையான டத்தோ. டத்தோ மகேந்திரன். குழுமத்தின் பூச்சிய சாதனையைக் கேள்விப்பட்டு, பரிசு கொடுக்கச் சம்மதித்து, நேரில் ஒரு தோட்டத்தைப் பார்க்க விரும்பியவர். வாசல் தடுப்பு திறக்கவில்லை. காரை வெளியே விட்டுவிட்டு அவர் நடந்தே உள்ளே வந்தார். எதிரே மாயாண்டி மோட்டர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?"

"டத்தோ மகேந்திரன்."

மாயாண்டி மரியாதையாக மோட்டரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"எந்த டத்தோங்க? பம்ப்பு டத்தோவா, கூர டத்தோவா?"

டத்தோ திகைத்தார். "வெறும் டத்தோதான்யா."

"வெறும் டத்தோ இப்ப இல்லீங்களே. போன வாரந்தான் எடுத்துட்டாங்க."

செயலியில் ஒரு தரம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காததற்கு வருத்தம் தெரிவித்து, மாயாண்டி தன் வேலையைப் பார்க்கப் போனார். டத்தோ தனியாக நடந்தார். ஒரு தோட்டத்தை அது இருக்கிறபடியே அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. புல் முழங்காலுக்கு நின்றது. ஒரு கதவு பாதி பச்சையாகவும் பாதி பலகையாகவும் இருந்தது. பாலர் பள்ளிக்குப் போகும் பாதையில் வந்ததும் நின்றுவிட்டார். பிறகு அங்கிருந்தே பிரேமநாதனுக்குப் போன் போட்டார். பிரேமநாதன் அப்போது லோகேஸ்வரியின் அறையில்தான் புதிய கிளைகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பரிசு கெடக்கட்டும்," என்றது டத்தோவின் குரல். "இங்க பாலர் பள்ளிக்குப் போற வழியில கரண்டுக் கம்பி தாழத் தொங்குது. என் தலைக்கு ஒரு சாண் ஒசரத்துல. அதுக்குக் கீழதான் பிள்ளைங்க போவுது, வருது. இன்னிக்கே பாருங்க."

வைத்துவிட்டார்.

 அவர் சொன்னதில் ஒரு நீளமான சொல்கூட இல்லை. இருவருக்கும் அது பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"இது எந்த வகை?" என்று பிரேமநாதன் மெதுவாகக் கேட்டார்.

லோகேஸ்வரிக்கு அந்தப் பாதை தெரியும். அவள் கையைப் பிடித்து அத்தை கூட்டிப்போன பாதை. அவளுடைய வாய் திறந்தது. மேசைமேல் போன் இருந்தது. மின்வாரியத்து எண் அதிலேயே இருந்தது. ஆனால் அவள் கண் சுவருக்குப் போய்விட்டது. மின்சாரம் என்ற கிளையின் கீழே தொங்குதல் என்று ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய மரத்தில் அந்த இடம் மட்டும் ஓட்டையாக வெள்ளை வெளேரென்று நின்றது. அது அவளை என்னவோ செய்தது.

"சார்," என்றாள், நிறப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியபடி. "இத ரெண்டாப் பிரிக்கணும். கம்பி தனி. தொங்கறது தனி."

பிரேமநாதன் அதை ஏற்றுக்கொண்டார். குழு கூட்டப்பட்டு, ஆலோசகரும் வரவழைக்கப்பட்டிருக்கிறார். பிள்ளைகள் இப்போதைக்குக் குள்ளமாக இருப்பதால் பதற்றம் வேண்டியதில்லை என்றும், எப்படியும் அவர்கள் வளர்வதற்குள் வகையை முடிவு செய்துவிட வேண்டும் என்றும் கண்டிப்பான காலக்கெடு விதிக்கப்பட்டிருக்கிறது.